கேட்காத கேள்விக்குப் பதில்

அந்த வீட்டில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் அவள் ஒரு நாள்கூட வகுப்பில் நின்று பாடம் நடத்தியதில்லை. ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்குப் பேச்சுப் பயிற்சிகளும் கேட்புப் பயிற்சிகளும் தயாரித்துக் கொடுப்பது அவள் வேலை. எங்கோ ஒரு வகுப்பில் யாரோ வாய் திறக்கப் பயந்து முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை எப்படியாவது பேசவைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். "ஆங்கிலத்தில் பேசு" என்று சொன்னால் எவனும் பேசமாட்டான். ஒருவனுக்குத் தெரிந்த விஷயம் எதிரே இருப்பவனுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கினால்தான் ஆட்டத்தில் ஜெயிக்க முடியும் என்று இருக்க வேண்டும். அப்போது பாருங்கள், இலக்கணமாவது கிலக்கணமாவது, வாய் தானாகத் திறந்துகொள்ளும். இந்தச் சூட்சுமம் அவளுக்குக் கைவந்த கலை.

எதைத் தயாரித்தாலும் அனுப்புவதற்கு முன் வீட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பாள். பரிசோதனை எலிகள் இரண்டு பேர். ஒன்று, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள் புருஷன். இன்னொன்று அவனுடைய அக்கா. கல்யாணமே வேண்டாம் என்று தம்பி வீட்டையே தன் வீடாக்கிக்கொண்ட நாத்தனார் அவள். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவள் என்பதால் ஆங்கிலம் சரளமாக வரும். ஆனால் ஆட்டத்தில் நேர்மை கிடையாது. இரண்டு படங்களுக்குள் வித்தியாசம் கண்டுபிடி என்றால் தம்பியின் தாளை எட்டிப் பார்த்துவிடுவாள். தம்பியோ, கேட்புப் பயிற்சி என்று ஒலிப்பதிவைப் போட்டால் பாதியிலேயே குறட்டை விடுவான்.

அந்த வீட்டில் ஒரு குட்டியும் உண்டு. இரண்டாவது வகுப்பு படிக்கிறது, புருஷனுடைய மூத்த தாரத்தின் மகள். மூத்தவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனாள் என்று சம்பந்தம் பேசும்போதே சொல்லிவிட்டார்கள். டீச்சர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. செத்துப்போனவளைப் பற்றிக் கிளறிக் கேட்பது அநாகரிகம் என்று நினைத்தாள். வந்த மாதமே குட்டி "சித்தி, சித்தி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றுவிட்டது. புருஷனிடம்கூட அவளுக்கு அப்படி ஒட்டுதல் வந்ததில்லை, சொல்லப்போனால்.

அவள் புதிதாகத் தயாரித்த பயிற்சி ஒரு விசாரணை ஆட்டம். ஒரு கடையில் திருட்டுப் போய்விட்டது. இரண்டு பேர் மேல் சந்தேகம். 'அந்தச் சாயங்காலம் நாங்கள் சேர்ந்துதான் இருந்தோம்' என்று இருவரும் ஒரு கதையைப் பேசிவைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு மற்றவரை விசாரிப்பார்கள். அப்புறம் அவரை அனுப்பிவிட்டு இவரை. எங்கே இரண்டு பேர் பதிலும் இடிக்கிறதோ அங்கே மாட்டிக்கொள்வார்கள். "நீ அப்படிச் சொன்னியா? நான் இப்படிச் சொன்னேனே!" என்று சண்டை வரும். சண்டை வந்தால் பேச்சு வரும். பேச்சு வரவேண்டும் என்பதுதானே குறிக்கோள்.

முதலில் கீழே இருக்கும் காவலாளியையும் அவர் சம்சாரத்தையும் வைத்து ஓட்டிப் பார்த்தாள், தமிழிலேயே. கதை கட்டத் தெரியாது என்றார்கள். சரி, போன வாரம் இரண்டு பேரும் சேர்ந்து சினிமாவுக்குப் போனீர்களே, அதையே உள்ளபடி சொல்லுங்கள் என்றாள். பஸ்ஸில் போனோம் என்றார் அவர். நடந்து போனோம் என்றாள் அவள். இடைவேளையில் அவர் வெளியே போனாரா என்பதில் ஆரம்பித்து, படத்தில் வில்லன் செத்தானா இல்லையா என்பது வரைக்கும் இடித்தது. "இந்த மனுஷன் என்கூடத்தான் வந்தாரான்னே எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு" என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். டீச்சருக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வீட்டு எலிகளின் முறை.

"அஞ்சு நிமிஷம் தர்றேன், ரெண்டு பேரும் உள்ள போய்ப் பேசி வெச்சுக்குங்க" என்றாள்.

நாத்தனார் கையை வீசினாள். "பேசறதுக்கு என்ன இருக்கு? நீ கேளு. தம்பி, நீ பால்கனிக்குப் போ."

அவன் அக்காவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனான். டீச்சர் ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டு, அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். நாத்தனாரும் ஆங்கிலத்திலேயே சொன்னாள். வீட்டில் இருந்தோம். டிவி பார்த்தோம். பாட்டுப் போட்டி. பச்சை கவுன் போட்ட பெண் பாடினாள். சத்தம் அதிகமாக வைத்திருந்தோம், மேல் வீட்டில் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தை சோபாவில் தூங்கிவிட்டாள். ஒரு காலில் மட்டும் ஷூ இருந்தது. எந்தக் கால்? இடது கால். யாராவது எழுந்து போனீர்களா? யாரும் எழுந்திருக்கவில்லை, தட்டும் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

பிறகு அவன் வந்தான். அவனுடைய ஆங்கிலம் நொண்டி ஆங்கிலம். ஆனால் அன்றைக்கு நொண்டவில்லை. பாட்டுப் போட்டி, பச்சை கவுன், மேல் வீட்டுத் துளை, இடது கால் ஷூ, எல்லாம் சொல்லிவைத்தாற்போல அதே வரிசையில் வந்தது. ஒரு இடம்கூட இடிக்கவில்லை.

டீச்சருக்கு எரிச்சலாக வந்தது. இடித்தால்தானே ஆட்டம்? "எப்ப பேசி வெச்சீங்க?"

"நாங்க அக்கா தம்பிடி" என்று நாத்தனார் சிரித்தாள். "எங்களுக்குள்ள என்ன பேசி வெக்கணும்?"

இவ்வளவு தெளிவாகப் பேசியிருக்கிறார்களே, வீணாக்குவானேன் என்று அந்த ஒலிப்பதிவைக் கேட்புப் பயிற்சியாக மாற்றிவிடலாம் என்று தோன்றியது அவளுக்கு. திங்கட்கிழமை, எல்லோரும் வெளியே போன பிறகு, துணி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த தன் சின்ன மேசையில் உட்கார்ந்து ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். கேட்புப் பயிற்சிக்கு அவள் செய்வது எப்போதும் ஒன்றுதான். ஒரு பக்கம் கேள்விகள், எதிர்ப் பக்கம் பதில்கள், எதற்கு எது என்று கோடு போட வேண்டும். என்ன நிகழ்ச்சி? பாட்டுப் போட்டி. என்ன நிற கவுன்? பச்சை. எழுந்து போனீர்களா? இல்லை.

கடைசியில் ஒரு பதில் மிச்சம் நின்றது. தட்டும் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

அவள் திரும்பக் கேட்டுப் பார்த்தாள். தட்டும் சத்தம் கேட்டதா என்று அவள் கேட்கவே இல்லை. நாத்தனாரிடமும் கேட்கவில்லை, அவனிடமும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு இரண்டு பேரும் பதில் சொல்லியிருந்தார்கள், அதே இடத்தில், அதே வார்த்தைகளில். அப்படியானால் இந்தக் கேள்வியை இவர்களிடம் வேறு யாரோ முன்பே கேட்டிருக்கிறார்கள்.

சேர்ந்து சினிமா பார்த்த புருஷன் பெண்டாட்டிக்கே பஸ்ஸா நடையா என்று ஒத்துப்போகவில்லை. நடந்ததைச் சொல்கிறவர்களுக்கு இடிக்கும். மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் இடிக்காது. உரையாடல் எழுதி எழுதியே வயிறு வளர்க்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது?

எழுந்து போய்க் குளியலறைக் கதவைப் பார்த்தாள். ஒரு வருஷமாகத் தினமும் திறந்து மூடிய கதவுதான். வெளிப்பக்கம், கை எட்டும் உயரத்துக்குச் சற்று மேலே, தாழ்ப்பாள் இருந்து கழற்றிய திருகு ஓட்டைகள் தெரிந்தன. மெழுகால் அடைத்து மேலே சாயம் பூசியிருந்தார்கள். சாயம் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு.

சாயங்காலம் நாத்தனார் காய்கறி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து அவனிடம் நேராகவே கேட்டாள். "அன்னைக்கு அவங்க உள்ள இருந்து தட்டுனாங்களா?"

எந்த அன்னைக்கு என்றுகூட அவன் கேட்கவில்லை. கையிலிருந்த கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல், "வீட்ல இருந்தோம். டிவி பார்த்தோம். பாட்டுப் போட்டி" என்று ஆரம்பித்தான். பச்சை கவுன் வரைக்கும் வந்துவிட்டு அவனே நிறுத்திக்கொண்டான். "போலீஸ் எல்லாம் கேட்டு முடிச்சாச்சு. இப்ப போய் எதுக்குக் கிளர்றே? அக்கா காதுல விழுந்தா நல்லா இருக்காது."

"யாருக்கு நல்லா இருக்காது?"

அவன் துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தான். இத்தனை நாள் இவன் சாது, வாயில்லாப் பூச்சி என்று நினைத்து அவள் இரக்கப்பட்டிருந்தாள். சாதுவாவது மண்ணாவது. அக்காவுக்குப் பயந்து பெண்டாட்டியைச் சாகவிட்டவன். அவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் தன் அக்காவுக்கு ஃபோன் போட்டாள். அக்காவுக்குக் கோர்ட்டில் தட்டச்சு வேலை. எது செல்லும் எது செல்லாது என்று வக்கீல்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"விளையாட்டுல சொன்னதை எவன்டி சாட்சியா எடுத்துக்குவான்?" என்றாள் அக்கா. "ஓட்டையை அடைச்சது குத்தமா? நீ முதல்ல ஒரு பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பி வந்துடு. அந்த வீட்ல ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காதே."

"குட்டி?"

"அது உன் வயித்துல பொறந்ததா? கூட்டிட்டு வந்தேன்னா புள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டான்னு உன் மேலதான் கேஸ் வரும்."

"அதை அங்க விட்டுட்டு நான் எப்படிக்கா வருவேன்?"

அக்கா அதையும் யோசித்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்கு அந்தப் புள்ளையும் வீட்லதானே இருந்திருக்கு? அது வாயால வேற மாதிரி ஒரு வார்த்தை சொல்லட்டும். பதிவு பண்ணிக்கோ. அப்புறம் நான் வக்கீலைப் பார்க்கறேன், குட்டியையும் வெளிய எடுக்க வழி பண்ணலாம். வாயைத் திறக்கலேன்னா ஒண்ணும் பண்ண முடியாது, நீ மட்டுமாவது வா."

வாய் திறக்க வைப்பதுதானே அவள் தொழில். உட்கார்ந்து ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி வீடு செய்தாள். கூடம், சோபா, டிவி, சமையலறை, குளியலறை. குளியலறைக்குத் திறந்து மூடுகிற மாதிரி ஒரு கதவு. காகிதத்தில் ஆட்கள் வெட்டினாள்: அப்பா, அத்தை, அம்மா, குட்டி. குழந்தையிடம் கேள்வி கேட்கக் கூடாது. ஆட்களை வைக்கச் சொல்ல வேண்டும். கை நகர்ந்தால் வாய் பின்னாலேயே வரும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குட்டி பால் குடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தது. அட்டை வீட்டைப் பார்த்ததும் அதற்கு ஒரே குஷி. நாத்தனார் வழக்கமாகத் தூங்கும் நேரம்தான், ஆனால் அன்றைக்குச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நாளைக்குத் தள்ளிப்போடலாமா என்று டீச்சர் யோசித்தாள். நாளைக்கு என்றால் அவளுக்கே தைரியம் இருக்காது. குழாய்ச் சத்தம் இருக்கிறதே என்ற தெம்பில், செல்ஃபோனைப் பதிவில் போட்டு அட்டை வீட்டுக்கு அடியில் வைத்தாள்.

"அம்மா சாமிகிட்ட போனாங்கல்ல, அன்னைக்கு யார் யார் எங்க இருந்தாங்க? எடுத்து வை பார்க்கலாம்."

குட்டியின் முகம் மாறிவிட்டது. முதுகை நிமிர்த்திக்கொண்டு, வகுப்பில் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டது. ஆட்களைத் தொடவே இல்லை.

"நாங்க டிவி பார்த்தோம். பாட்டுப் போட்டி. பச்சை கவுன் போட்ட அக்கா பாடுனாங்க. நான் சோபால தூங்கிட்டேன். இடது கால்ல மட்டும் ஷூ இருந்துச்சு. யாரும் எழுந்திருக்கல. தட்டுற சத்தம் எதுவும் கேக்கல."

தூங்கின குழந்தைக்கு எந்தக் காலில் ஷூ இருந்தது என்று எப்படித் தெரியும்? மூளையைக் கசக்கி அவள் செய்த வீடு சும்மா கிடந்தது. காகித அம்மாவை எடுத்துக் குட்டியின் கையில் கொடுத்தாள். "சரி கண்ணு, அம்மா எங்க?"

குட்டி காகித அம்மாவைக் குளியலறைக்குள் வைத்து, அட்டைக் கதவைச் சாத்தி, அது திறந்துகொள்ளாமல் இருக்க விரலால் வெளியிலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டது. பிறகு சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதோடு காதாக, மூச்சுக் காற்றில் கேட்டது:

"சரியா சொன்னேனா சித்தி? தப்பா சொன்னா அத்தை என்னையும் உள்ள வெச்சுப் பூட்டிருவேன்னு சொன்னாங்க."

இந்த மூச்சுக் காற்று எந்தக் கருவியிலும் பதிவாகியிருக்காது என்று டீச்சருக்குத் தெரியும். பதிவானது அந்தப் பாடம் மட்டும்தான். இன்னொரு தடவை சத்தமாச் சொல்லு என்று கேட்க வாயெடுத்தாள். அப்போதுதான் கவனித்தாள், சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. பாத்திரச் சத்தமும் இல்லை, காலடிச் சத்தமும் இல்லை. யாரோ அந்தப் பக்கம் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

குட்டியின் நெஞ்சு அவள் நெஞ்சில் படபடவென்று அடித்துக்கொண்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற எண்ணமெல்லாம் அந்த நிமிஷத்தோடு போயிற்று. இதை விட்டுவிட்டு அவள் எங்கே போவாள்? குட்டியின் தலையைத் தடவினாள்.

"சரியாத்தான் சொன்னே, கண்ணு. ஒண்ணுகூடத் தப்பில்லை" என்றாள், சமையலறைக்குக் கேட்கும்படி உரக்க.