குரல் கேட்டால் ஏறும் எண்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தால் அது தேவையும்கூட. ஆனால் அந்தப் பெயிண்டரின் மனைவி என்னையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். சாரத்திலிருந்து விழுந்து, மண்டை உடைந்து, செயற்கை சுவாசத்தில் கிடந்தவரிடம் உள்ளே நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, கேக்குதா? சின்னவ சாப்பிடவே மாட்டேங்குறா. உங்க தம்பி இந்தப் பக்கம் தலைகூடக் காட்டல..."

தலைக்குள் வைத்திருக்கும் மெல்லிய கம்பி வழியாக, மூளையின் அழுத்தம் திரையில் எண்ணாகத் தெரியும். அவள் பேசப் பேச அது விறுவிறுவென்று ஏறியது.

"ஏம்மா, வாயை மூடுங்க! உங்க குரல் கேட்டா அழுத்தம் ஏறுது. வீங்கின மூளைக்கு அது ஆகாது," என்று எரிந்து விழுந்தேன்.

அவள் முகம் மலர்ந்தது. "அப்போ என் குரல் அவருக்குக் கேக்குதா சிஸ்டர்?"

கேட்கிறது என்றேன்.

"என்னை ரேடியோன்னுதான் கூப்பிடுவாரு. இங்கயும் வந்துட்டாளேன்னு கடுப்பாயிருக்கும்," என்று கிசுகிசுத்தாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதன்பிறகு அவரருகே அவள் வாயே திறக்கவில்லை. கையால் பொத்திக்கொண்டு நிற்பாள். எண் கொஞ்சம் இறங்கினால் என்னைப் பார்த்துத் தலையாட்டுவாள். வெளியே போனதும் காவலாளி தொடங்கி எல்லோரிடமும் கொட்டித் தீர்ப்பாள்.

வீக்கம் மருந்துக்குக் கட்டுப்படவில்லை. எண் எகிறிப்போய் நின்றது. இரண்டு முறை சோதித்துவிட்டு, மூளை இறந்துவிட்டது, இனி திரும்பாது என்று டாக்டர் அவளிடம் பக்குவமாகத்தான் சொன்னார். தலையாட்டினாள். பிறகு வழக்கம்போலக் கட்டிலருகே போய் வாயைப் பொத்திக்கொண்டாள். இயந்திரத்தின் தயவில் மார்பு ஏறி இறங்குகிறதே, அவள் எப்படி நம்புவாள்?

"பேசுங்க அக்கா," என்றேன்.

அவள் பதறி, உதட்டில் விரல் வைத்து என்னை அடக்கினாள்.

"பரவாயில்ல. இனிமே பேசலாம்."

என்னையே பார்த்தாள். பிறகு குனிந்து, "ஏங்க," என்றாள். திரையைப் பார்த்தாள். எண் அசையவில்லை.

"ஏங்க, சின்னவளுக்கு முன்பல்லு விழுந்துடுச்சு. உங்ககிட்ட காட்டணும்னு வச்சிருக்கா."

தம்பி வந்து அழுதது, வீட்டுக்குழாய் ஒழுகுவது, பக்கத்து வீட்டுச் சண்டை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். குரல் ஏறிக்கொண்டே போனது. எண் அப்படியே இருந்தது.

என் பக்கம் திரும்பினாள்.

"திட்டிப் பாக்கட்டுமா சிஸ்டர்?" என்றாள். "திட்டினா உடனே ஏறும்."