தூரத்தில் நின்ற கேமரா

ரவிக்கையைக் கழற்றச் சொல்லும் வேலை இந்துப்ரியாவிடம் வந்ததற்குக் காரணம், அவளுக்கு உரக்கப் பேச வராது என்பதுதான்.

“நீ போய்ச் சொல்லும்மா. உன்னைப் பாத்தா நம்புவாங்க,” என்றார் இயக்குநர் ராஜகுரு.

அலங்காநல்லூர் பக்கம் ஒரு நெற்களத்தில் படப்பிடிப்பு. கதை உலகப் போர் காலத்தில் நடக்கிறது. வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குக் கொடுக்க ஜமீன் ஆட்கள் ஊர் நெல்லை அள்ளுகிறார்கள். ஒரு கூலிக்காரி மட்டும் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறாள். ஜமீன் மகளாக வரும் கதாநாயகிக்கு முழங்கை வரை ரவிக்கை உண்டு. கூலிக்காரிகளுக்குக் கிடையாது.

இந்துப்ரியா பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு உடைப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். வீட்டில் சௌராஷ்டிரம்தான் பேச்சு. அதனால் வெளியே தமிழில் பேசும்போது ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பேசுவாள். அதை எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மூட்டைமேல் உட்கார வேண்டியவள் மலையம்மாள். நடவு வேலையை விட்டுவிட்டு, பக்கத்து ஊர்ப் பெண்களோடு வேனில் வந்தவள்.

“ஏந்தாயி, எம்மருமகன் சமயநல்லூர்ல இருக்காரு. எந்தப் படம் வந்தாலும் மொத ஆட்டம் பாக்குற ஆளு. ரவிக்கை இல்லாத கோலம் அவரு கண்ணுல படும்னா சொல்லிரு, இப்பவே போறேன்.”

“கேமரா தூரத்துலதாம்மா இருக்கு. அந்தா, வேப்பமரத்தடியில.”

மலையம்மாள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “அம்புட்டு தூரமா? அங்கருந்து பாத்தா எறும்பு கணக்காத்தான தெரிவேன்?”

“எறும்புக்கு என்னத்துக்குக்கா ரவிக்கை?” என்றாள் பக்கத்தில் நின்ற தமிழ்ச்செல்வி. பெண்கள் சிரித்தார்கள். இந்துப்ரியாவும் சிரித்தாள். ஆமாம் என்று அவள் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

கேமராவில் நீளமான லென்ஸைப் பொருத்தியதைக் காலையிலேயே பார்த்திருந்தாள். கல்லூரி ஆய்வகத்தில் லென்ஸ்களோடு மூன்று வருடம் பழகியவள். தூரம் அந்த லென்ஸுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

‘ஆக்‌ஷன்’ என்றதும் ஜமீன் ஆட்களாக நடித்தவர்கள் மலையம்மாளைப் பிடித்து இழுத்தார்கள். முந்தானை நழுவியது. அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தாள், கை விடவில்லை. மானிட்டரில் அவள் முதுகு திரை முழுக்க நிறைந்தது. வெயிலில் கறுத்த கை, ரவிக்கை முடியும் இடத்தில் கோடு போட்டாற்போல் நின்று, அதற்குமேல் தோள் வெளுத்திருந்தது. வெயில்கூடப் பார்க்காத தோள்.

ராஜகுரு கை தட்டினார். “இதுதான்யா படமே! ஏழை உடம்பே எதிர்த்து நிக்குது பாரு.”

சாப்பாட்டு நேரத்தில் மலையம்மாள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வெள்ளரிக்காயை உடைத்துப் பாதியை இந்துப்ரியாவிடம் நீட்டினாள். “தின்னு தாயி. நீ தூரந்தான்னு சொன்னதாலதான் தைரியமாப் படுத்துக் கிடந்தேன்.”

இந்துப்ரியா வெள்ளரித் துண்டோடு எழுந்தாள். “அம்மா, ஒரு நிமிஷம் வாரீங்களா?”

மானிட்டர் பக்கம் உதவியாளர் ஒருவர் மட்டும் இருந்தார். காலையில் எடுத்த காட்சியைப் போட்டுக் காட்டச் சொன்னாள். மலையம்மாள் பார்த்தாள். முடிகிற வரைக்கும் பார்த்தாள்.

“எறும்பு கணக்கான்னு கேட்டேன்ல?”

“கேட்டீங்க.”

“நீ சிரிச்சியே.”

மலையம்மாள் திட்டவில்லை, அழவும் இல்லை. பையிலிருந்த ரவிக்கையை எடுத்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் போனாள். போட்டுக்கொண்டு வேனில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.

விஷயம் தெரிந்து ராஜகுரு ஓடிவந்தார். “யாரு அந்தம்மாவுக்கு அதைக் காட்டுனது?”

“நான்தான் சார்.” குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். “நான்தான் காட்டினேன். அந்த ஷாட்டை அழிச்சிருங்க சார். நான் அவங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.”

“என்ன பொய்? கேமரா தூரத்துலதான இருந்துச்சு? எடுத்தது எடுத்ததுதான். மிச்ச ஷாட்டுக்கு முதுகுதான வேணும், தமிழ்ச்செல்விய உக்கார வைப்போம். போ, காலைல சொன்ன மாதிரியே போய்ச் சொல்லு.”

அவர் சொன்னதும் அவள் சொன்னதும் ஒரே வாக்கியம்தான். கேமரா தூரத்தில்தான் இருந்தது.

பெண்கள் வேப்பமரத்து நிழலில் இலையை மடித்துக்கொண்டிருந்தார்கள். இந்துப்ரியா போய் நின்றாள். இந்த முறை சொற்களைத் தேடவில்லை.

“கேமரா தூரத்துலதான் இருக்கும். ஆனா அதுல தெரியறது எல்லாம் பக்கத்துல தெரியும். இப்ப நான் உங்களைப் பாக்கறேன்ல, இதைவிடப் பக்கத்துல. காலைலயே தெரியும் எனக்கு. சொல்லல.”

தமிழ்ச்செல்வி கையைக் கழுவிவிட்டுப் பையைத் திறந்து ரவிக்கையை எடுத்தாள். மற்றவர்களும் எடுத்தார்கள். களத்தில் நெல் மூட்டைகள் மட்டும் கிடந்தன.

தூரத்தில் ராஜகுரு அவள் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. இந்துப்ரியா வேனைப் பார்த்தாள். மலையம்மாள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காலையில் எடுத்த முதுகு கேமராவுக்குள் இன்னும் இருந்தது. கையிலிருந்த வெள்ளரித் துண்டைத் தின்னவும் முடியாமல், போடவும் முடியாமல் அவள் அங்கேயே நின்றாள்.