ஆனிக்கு முன்னால் ஒரு சிவப்புக் கார்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். நான் இப்போது வாழும் குளிர்நாட்டில், பழைய கார்களைக் காட்சிக்கு வைத்திருந்த ஒரு மைதானத்தில், வயதான மனிதர் ஒருவர் ஒரு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பக்கத்தில் ஒரு பெண் ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். அவர் உள்ளேயிருந்து ஓர் இலக்கத்தைச் சொல்ல, அவள் திருப்பிச் சொன்னாள். தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட அன்று இருந்த உறுப்புகள்தான் இன்றும் காரில் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்களாம்.

நான் அங்கே நெடுநேரம் நின்றேன். காருக்காக அல்ல. கார்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது கதவைத் திறந்து ஏறுவது மட்டும்தான். அந்த இருவருக்கும் வேலையை முடிக்க விருப்பமில்லை என்று எனக்குப் பட்டது. அவர்களை அப்படியே தூக்கிக்கொண்டு போய் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் இறக்கினேன். 1990ஆம் ஆண்டில் இறக்கினேன். ஏன் அந்த ஆண்டு என்று இப்போது கேட்காதீர்கள்.

2

தொடக்கம் ஒன்று:

"பங்குனி வெயில் தெல்லிப்பழையின் மீது உருகிய ஈயமாக—"

வேண்டாம். எல்லாரும் வெயிலில்தான் தொடங்குகிறார்கள்.

தொடக்கம் இரண்டு:

"ஓய்வுபெற்ற வாகன மதிப்பீட்டாளர் ஜெபநேசன், வயது அறுபதை நெருங்கியவர், மனைவியை இழந்தவர், இணுவிலில் தனியே—"

இது பொலிசில் முறைப்பாடு எழுதுவது போல இருக்கிறது. ஆனால் தகவல்கள் சரி, வைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதிக் கொம்பனி ஒன்றுக்காக ஆயுள் முழுக்க அடிபட்ட வாகனங்களைப் பார்த்து உண்மை சொன்னவர். பொய் சொன்ன சாரதிகள் அவரைக் கண்டால் தெருவை விட்டு ஒழுங்கை மாறிப் போவார்கள்.

தொடக்கம் மூன்று. இதோடு போகிறேன்:

பொன்மலர் ரீச்சரின் கார் ஊர் முழுக்கப் பிரிந்து கிடந்தது.

3

உண்மையில் அது ரீச்சரின் தமையன் டானியல் மாஸ்டருடைய கார். 1952இல் செய்த, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, சிவப்பு எம்.ஜி. மலைநாட்டுத் தோட்டத் துரை ஒருவர் கப்பலேறும்போது விட்டுப்போனதை வாங்கி, மாஸ்டர் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தார். சாகும்போது தங்கையிடம் ஒன்றுதான் கேட்டார்: "உந்தக் காரை முழுசா, அருமை தெரிஞ்ச ஒருத்தன்ரை கையிலை குடு. துண்டு துண்டா விட்டுப்போடாதை."

மாஸ்டர் போன மறு வருடம், வாகனம் கேட்டு ஆட்கள் வீடுகளுக்கு வரத் தொடங்கினார்கள். தோளில் துவக்கோடு வந்த, இல்லை என்று சொல்ல முடியாத ஆட்கள். ஆனால் ஓடாத காரை யாரும் கேட்பதில்லை. ஆகவே அந்தக் காலத்தில் பலர் செய்ததை ரீச்சரும் செய்தார். காரைக் கழற்றி, தெரிந்த வீடுகளில் பிரித்து வைத்தார். சில்லுகள் அளவெட்டியில் ஒரு தவில்காரர் வீட்டுக்குப் போயின. ஸ்ரியறிங் வளையம் தேவாலயத்தில், பாடகர் குழுவின் அங்கிகளுக்கு அடியில் கிடந்தது. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் காபரேற்றர்கள் இரண்டும் ரீச்சரின் குசினியில், அரிசிப் பீப்பாவுக்குள். வெறும் கூடு மட்டும் கொட்டிலில் நின்றது. கோழிகள் அதற்குள் முட்டையிட்டன.

1990 பங்குனியில் இந்திய இராணுவம் கப்பலேறியது. வெடிச்சத்தம் நின்றது, கொழும்புக்கு றெயில் ஓடியது, சனம் கலியாணங்களுக்கு நாள் வைத்தது. ரீச்சரின் பெறாமகள், தமக்கையின் மகள் ஸ்ரெல்லா, கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து சொல்லி அனுப்பினாள்: பழைய கார்களைச் சேர்க்கும் ஒருவர் மாமாவின் காரைக் கேட்கிறார். தொழிற்சாலை விட்டபடியே இருந்தால் மட்டும் எடுப்பார். சுன்னாகத்து வெங்காய லொறிக்காரர் ஒருவர் வைகாசிக் கடைசியில் ஏற்றிவரச் சம்மதித்திருக்கிறார். காரோடு ஆன்ரியும் வந்து தன்னோடு இருந்துவிட வேண்டும்.

ரீச்சர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கார் போனா நானும் வாறன். கார் நிண்டா நானும் நிப்பன்."

வீடுகளிலிருந்து சாமான்கள் திரும்பி வந்தன. ஓர் ஆணிகூடக் குறையவில்லை. தவில்காரர் வீட்டுச் சில்லுகளில் சந்தனப் பொட்டு இருந்தது. கிறிஸ்தவ வேதக்காரியின் சில்லு என்று பார்க்காமல், வருடா வருடம் சரஸ்வதி பூசைக்குத் தங்கள் தவிலோடு சேர்த்துப் பொட்டு வைத்திருக்கிறார்கள். பழைய மெக்கானிக் ஒருவர் எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தார். பிறகு, தொழிற்சாலை விட்டபடியே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, ரீச்சர் ஜெபநேசனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

4

ஜெபநேசன் வெள்ளிக்கிழமைகளில் இணுவிலிலிருந்து சைக்கிளில் வந்தார். பிறகு செவ்வாயும் வந்தார்.

"இண்டைக்கு எதைப் பாக்கப் போறியள், அண்ணை?"

"விளக்குகள் மட்டும்தான், ரீச்சர். உது அவசரப்படுற வேலை இல்லை."

"போன கிழமையும் விளக்குத்தானே பாத்தனீங்கள்?"

"அது வலப்பக்கம்."

ரீச்சர் சிரிக்காமல் தேத்தண்ணி போடப் போனார். கணக்கு ரீச்சர்; சிரிப்பைக் கடைசி வரிக்கு வைத்திருப்பவர்.

எஞ்சினில் எண்கோண வடிவில் ஒரு பித்தளைத் தகடு உண்டு. எஞ்சின் இலக்கம் அதில் இருக்கும். எட்டிப் பார்க்க முடியாத மூலை. கண்ணாடி ஒன்று வேண்டுமென்றார் ஜெபநேசன். ரீச்சர் தன் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து எஞ்சினுக்கும் அதன் அறைச் சுவருக்கும் நடுவில் பிடித்தார். இலக்கங்கள் இடம்வலமாக மாறித் தெரிந்தன. ரீச்சர் அவற்றை மனதில் திருப்பி, வகுப்பில் வாசிப்பதுபோல வாசித்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ரீச்சரின் கை களைத்துச் சற்றே சரிய, கண்ணாடியில் தகட்டுக்குப் பதிலாக அவருடைய காதோரமும் நரைத்த முடியும் தெரிந்தன. ஜெபநேசன் கண்ணாடியைத் திருப்பச் சொல்லவில்லை.

(* வாசகருக்கு ஒரு குறிப்பு: எங்கள் ஊரில் ஒரு பெண் தன்னைவிட மூத்த எவரையும் அண்ணை என்று கூப்பிடலாம், அதில் மரியாதையைத் தவிர வேறொன்றும் இல்லை. அதுதான் ஜெபநேசனுக்குக் கவலை.)

5

நான் உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். ஜெபநேசனும் மறைத்தார், அவரைப் பார்த்துத்தான் நானும்.

முதல் நாளே அவர் கண்டுவிட்டார். பின்பக்கத்துக் காபரேற்றரின் அடியில் வெள்ளையாக ஏதோ காய்ந்து பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டினார். விரலை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம். பெற்றோல் கசிகிற இடத்தில் சவர்க்காரத்தைப் பிசைந்து அப்பிவிட்டு ஓடுவது எங்கள் ஊர் வைத்தியம். எந்தத் தொழிற்சாலையும் சவர்க்காரம் பூசிக் கார் அனுப்புவதில்லை. மூடியில் இருந்த சின்னத் தகட்டையும் பார்த்தார். அது ஒரு மொறிஸ் மைனர் காருக்குரியது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை முடிந்தது. மறு கிழமை வர ஒரு காரணமும் இல்லை. சரியான காபரேற்றரைத் தேடிப் பிடித்துப் பூட்டினால் கார் போகும், காரோடு ரீச்சரும் போவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருக்கு நட்டம். ஆகவே மூடியைத் துடைத்தார். "அடுத்த கிழமை விளக்குகளைப் பாப்பம்" என்றார்.

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. ஆயுள் முழுக்க உண்மை சொன்னவர் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருப்பாரா? அவரை மாற்றி எழுதிப் பார்த்தேன். உண்மையை உடனே சொல்லும் ஜெபநேசன் ஒரே பக்கத்தில் சைக்கிளேறிப் போய்விட்டார். கதையில் நானும் ஒரு காரும் கோழிகளும் மிஞ்சினோம். திரும்பக் கூப்பிட்டு வந்தேன்.

6

வைகாசி நடுவில் மனம் பொறுக்காமல் அவர் சிமியோனிடம் போனார். அந்தப் பக்கத்தில் மொறிஸ் மைனரை வாடகைக்கு ஓட்டுபவர் சிமியோன்தான். அளவெட்டி நாதஸ்வரக் குழுக்கள் திருவிழாக்களுக்குப் போவது அவருடைய காரில். ஜெபநேசன் எஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னார். மாஸ்டரின் காபரேற்றர் உள்ளே பளபளவென்று இருந்தது.

"ஓம் ஐயா, ரீச்சற்ரை சாமான்தான்" என்றார் சிமியோன். "எண்பத்தேழிலை என்ரை வெடிச்சுப்போச்சு. றோட்டெல்லாம் சண்டை. பின்சீற்றிலை ஒரு பிள்ளைத்தாச்சி குழறுறா. ரீச்சற்ரை படலையடியிலை நிண்டுட்டன். அவ அரிசிப் பீப்பாவுக்கை கையை விட்டு எடுத்துத் தந்தவ. இதைப் பூட்டிக்கொண்டு ஓடு எண்டா. சவர்க்காரம் அப்பின என்ரை பழசை அவவிட்டையே விட்டுட்டன். அண்டைக்குத் தொட்டு இதுதான் ஓடுது. உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

ஜெபநேசன் மூடியை மெல்ல இறக்கினார்.

"வேணுமெண்டாக் கழட்டித் தாறன் ஐயா. அரை மணித்தியால வேலை. என்ரை பழசைப் பூட்டினா மல்லாகம் மட்டும் இழுக்கும். அங்காலை மாதாதான் தள்ள வேணும்."

7

இப்போது சொல்கிறேன், ஏன் 1990.

ஆனியில் யுத்தம் மறுபடி தொடங்கும். றெயில் நிற்கும். பாதை மூடும். தெல்லிப்பழையிலிருந்து சனம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடும்; பல வருடங்களுக்குத் திரும்பாது. இது நான் கற்பனை செய்ததல்ல. கதையில் மிச்சம் எல்லாவற்றையும் மாற்ற எனக்கு முடியும். காரின் நிறத்தை மாற்றலாம், கோழிகளை எடுத்துவிடலாம். ஆனியை மட்டும் தொட முடியாது.

ஜெபநேசனுக்கு இது தெரியாது. அவர் வெள்ளிக்கிழமைகளை நீட்டிக்கொண்டு போகிறார். நான் இங்கே இருந்து, போங்கோ, காரை ஏத்திக்கொண்டு போங்கோ என்று கத்துகிறேன். அவர் இடப்பக்க விளக்கைத் துடைக்கிறார்.

அவர்களை நான் வேறு ஆண்டில் இறக்கியிருக்கலாம். எண்பத்திரண்டில் இறக்கியிருந்தால்— ஆனால் எண்பத்திரண்டில் காரைப் பிரித்து ஒளிக்க வேண்டியே வராது. பிரிக்காத காருக்கு ஜெபநேசனைக் கூப்பிட யாருக்கும் தோன்றியிராது. அவர்கள் சந்திப்பதற்கும் இந்தக் கெட்ட காலம்தான் வேண்டியிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது.

8

வைகாசிக் கடைசி வெள்ளிக்கிழமை அவர் ரோச்சை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போனார். ரீச்சர் கண்ணாடியோடு பின்னால் வந்தார்.

"ரீச்சர், பின்பக்கத்துக் காபரேற்றர்..."

"சவர்க்காரத்தைச் சொல்லுறியளோ?"

ஜெபநேசன் திரும்பினார்.

"நீங்கள் முதல் நாளே கண்டனீங்கள்" என்றார் ரீச்சர். "விரலை மணந்து பாத்தியள். பிறகு பேசாமல் மூடியைத் துடைச்சுப்போட்டு விளக்கைப் பற்றிக் கதைச்சியள். எத்தினை வரியமாப் பிள்ளையளின்ரை முகத்தைப் பாத்தனான், எனக்குத் தெரியாதோ?"

"சிமியோனுக்குக் குடுத்ததும் நீங்கள்தான். குறை என்னெண்டு தெரிஞ்சுகொண்டு பிறகேன் என்னைக் கூப்பிட்டனீங்கள்?"

ரீச்சர் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"சாகேக்கை என்ரை அண்ணைக்கு நான் குடுத்த சொல்லு. அதை நானே துண்டாக்கிப்போட்டன் எண்டு ஒராளிட்டைச் சொல்ல வேணும் போல இருந்தது. நேர்மையான ஆள் எண்டு உங்களைச் சொல்லிச்சினம். நீங்கள் கண்டுபிடிச்சு ஏசுவியள் எண்டு பாத்தன். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த கிழமையும் வந்தியள்." சற்று நிறுத்தி, "அது எனக்குப் பிடிச்சுப்போச்சு" என்றார்.

கொட்டிலுக்குள் ஒரு கோழி கேறியது. ஜெபநேசன் ரோச்சைக் காரின் மூக்கில் வைத்தார். இரண்டு மாதமாகச் சொல்லாத முடிவை அப்போது சொன்னார்.

"தொழிற்சாலை விட்டபடி இல்லை, ரீச்சர். அதைப் பொய் சொல்ல என்னாலை ஏலாது. ஆனா ஒண்டும் துலையேல்லை. மாஸ்டர் வந்து கேட்டா நான் சொல்லுவன், கார் முழுசாத்தான் இருக்கு, ஒரு துண்டு மட்டும் வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு றோட்டிலை ஓடுது எண்டு."

ரீச்சரின் கண்கள் நிறைந்தன. கடைசி வரிக்கு வைத்திருந்த சிரிப்பும் கூடவே வந்துவிட்டது.

"அப்ப கொழும்பாளுக்கு என்ன சொல்லுவம்?" என்று கேட்டார். அண்ணை என்று சேர்க்கவில்லை.

9

இதற்குமேல் எழுதிக் கிழித்திருக்கிறேன். ஒருமுறை அவர்களை ஊரிலேயே நிற்க வைத்தேன். ஆனியில் ரீச்சர் ஒரு பையோடும் அந்தக் கண்ணாடியோடும் இணுவிலுக்கு, ஜெபநேசன் வீட்டுக்குப் போனார். சிமியோன் அந்த நாட்களில் சனத்தை ஏற்றிக்கொண்டு ஓய்வில்லாமல் ஓடினார். மாஸ்டரின் காபரேற்றர் ஒருமுறையும் அவரைக் கைவிடவில்லை. சிவப்புக் கார் மட்டும் ஆளில்லாத ஊரில் கொட்டிலுக்குள் நின்றது. அதை அங்கே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே இன்னொருமுறை காபரேற்றரை மாற்றிப் பூட்டுவித்தேன். வெங்காய லொறியில் கார் ஏறியது, இருவரும் முன்னால் ஏறினார்கள், குடாநாட்டு எல்லையான ஆனையிறவைத் தாண்டினார்கள். நான் மூச்சுவிட்டேன். அடுத்த வரியில் சிமியோனின் கார் மல்லாகத்தில் நின்றுவிட்டது. பின்சீற்றில் யாரோ இருந்தார்கள். யார் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

காரைக் கொட்டிலிலும் காபரேற்றரைச் சிமியோனிடமும் விட்டுவிட்டு அவர்கள் இருவரையும் மட்டும் ஏற்றிவிடலாம் என்று சொல்வீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் இவ்வளவு அமைதியான ஒரு வைகாசியில் எதற்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது என்று அவர்கள் கேட்டால், என்ன பதில் சொல்வது?

லொறி ஒழுங்கை முனையில் நிற்கிறது. முன் சீற்றில் சாரதிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் இருக்கலாம். வேண்டுமென்றேதான் அவ்வளவு அகலமாக எழுதினேன். ரீச்சர் கேட்ட கேள்விக்கு ஜெபநேசன் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை நீங்கள் அவருக்குக் கொடுங்கள். என்னால் முடியவில்லை.

ஆனால் கொஞ்சம் பொறுத்துக் கொடுங்கள். அவர் ரோச்சை அணைத்துவிட்டார். கண்ணாடியை ரீச்சரின் கையிலிருந்து வாங்கிச் சீற்றில் வைத்துவிட்டு, இப்போதுதான் முதன்முதலாக அந்த முகத்தை நேரே பார்க்கிறார். அவர்களைப் பொறுத்தவரை ஓர் அவசரமும் இல்லை.