சாட்சிப் பல்

எந்திரம் காட்டிய எண்ணைப் பார்த்ததும் கவீராவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. வெள்ளாட்டுப் பல், புல் மேய்ந்து வளர்ந்ததாம்!

நைரோபியில் அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அழிந்துபோன மிருகத்தின் பல்லைச் சுரண்டிப் பொடியாக்கி, அது என்ன தின்றது என்று எந்திரத்திடம் கேட்கும்போது, எதைத் தின்றது என்று ஊரறிந்த மிருகத்தின் பல்லையும் கூடவே வைப்பார்கள். சாட்சிப் பல் என்று அதற்குப் பெயர். மரத்தழையில் உள்ள கார்பன் ஒரு ரகம், புல்லில் உள்ளது வேறு ரகம். பல் உருவாகும் குட்டிப் பருவத்தில் தின்றது எதுவோ, லட்சக்கணக்கான வருடமானாலும் பல்லின் எனாமல் அதை விடாது. வெள்ளாடு முள்மரத் தழை தின்னும், செம்மறி புல் மேயும். ஆனால் இரண்டின் பல்லையும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது பெரும்பாடு.

சந்தேகம் அங்கேதான் முளைத்தது. சாட்சிப் பல்லைத் தன் வீட்டு வெள்ளாட்டினுடையது என்று கொடுத்தவர் எகுவாம். ஆடு மேய்ப்பதே பரம்பரைத் தொழிலான துர்க்கானா இனத்துக்காரர், கூடத்தில் கல்லிலிருந்து எலும்பைப் பிரித்தெடுப்பவர்.

"சந்தையில கிடந்த செம்மறித் தலையை நம்ம தலையில கட்டிட்டாரு மேடம்," என்றான் எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் முசெம்பி. அவனுக்கு அடுத்தவர் குற்றம் என்றால் அல்வா.

கவீரா சிரிக்கவில்லை. அவள் ஆராயும் பழைய யானையின் பல்லும் துர்க்கானா ஏரிக்கரையில் எகுவாம் பொறுக்கியதுதான். ஆட்டில் பொய் சொன்னவர் யானையில் சொல்லமாட்டார் என்று யார் கண்டது? இயக்குநர் காதுக்குப் போனால் எகுவாமுக்கு அன்றே சீட்டு கிழியும்.

நேரே போய்க் கேட்டாள். "அண்ணே, அது வெள்ளாடுதானா?"

"வெள்ளாடுதான் டாக்டரம்மா."

"செம்மறி கலந்துடலயே?"

"துர்க்கானாக்காரனைப் பாத்து ஆடு தெரியுமான்னு கேக்குறீங்க. நல்லாருக்கு!"

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மடியில் கனமில்லாதவர் ஏன் முகத்தைத் திருப்ப வேண்டும்? கவீராவுக்குச் சந்தேகம் முக்கால்வாசி உறுதியாகிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் இயக்குநரைப் பார்ப்பது என்று தீர்மானித்தாள்.

மதியம் வழக்கம்போல மக்காச்சோளக் களியும் கீரையும். முசெம்பி களியை உருட்டிக்கொண்டே, "நம்ம பல்லை உள்ள வெச்சா நாமளும் புல்லு மேயுற கூட்டம்னுதான் சொல்லும் மேடம். சோளமும் புல்லு சாதிதானே!" என்று சிரித்தான்.

கவீராவின் கை தட்டிலேயே நின்றது. எழுந்து எகுவாமிடம் ஓடினாள்.

"அண்ணே, குட்டியா இருந்தப்ப அதுக்கு மக்காச்சோளம் போட்டீங்களா?"

எகுவாம் கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்தார்.

"பஞ்சத்துல நிவாரணச் சோளம் குடுத்தாங்க, தலைக்கு ஒரு பங்கு. எங்க சின்னவ நபெயோக் அப்பதான் போய்ட்டா. ஆனாலும் அவ பங்கு வந்துக்கிட்டே இருந்துச்சு. வேணாம்னு சொல்லணும்னா, அவ செத்துட்டான்னு என் வாயால சொல்லணும். சொல்ல முடியல. களி கிண்டினா எங்களுக்குத் தொண்டையில இறங்கல. தாயில்லாத குட்டி ஒண்ணு, அவ பின்னாடியே சுத்தின குட்டி. அதுக்குப் போட்டேன். அறுக்க மனசு வரல, கிழடாகித் தானா செத்துச்சு."

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"வெள்ளாடுதானான்னுதான் கேட்டீங்க. என்ன தின்னுச்சுன்னு கேக்கலயே தாயி."

செத்த மிருகங்கள் என்ன தின்றன என்று கேட்பதே அவள் பிழைப்பு. கவீராவுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

திரும்பி வந்தவளை முசெம்பி மடக்கினான். "என்ன மேடம், செம்மறிதானே?"

"வெள்ளாடு. சோளம் தின்ன வெள்ளாடு. வேற சாட்சிப் பல் பாப்போம்."

"அந்தப் பஞ்சத்துல ஆட்டுக்குச் சோளமா! எந்தக் கிறுக்கன் போடுவான்?"

கவீரா எந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பாள்.