மூன்று கோட்டு அணில்கள்

1974ஆம் ஆண்டு நவம்பரில், சரோஜினி நகரில் இந்திராணியின் வீட்டுக் கொல்லைக்கு முதுகில் மூன்று கோடு போட்ட அணில் ஒன்று வந்து கம்பு தின்றதால், கும்பகோணத்தில் அன்றே இறந்திருக்க வேண்டிய ஒருவர் பதினொரு நாள் தள்ளி இறந்தார். டெல்லி அணிலுக்கு முதுகில் ஐந்து கோடு; மூன்று கோட்டு அணில் தெற்கே உள்ளது, இவ்வளவு தூரம் வருவதில்லை. கணவர் இராஜமாணிக்கம் ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்கப் போனதும், கொய்யாமரக் கிளையில் கம்பியால் கட்டிய பீங்கான் தட்டில் கம்பும் நொய்யும் போட்டுவிட்டு, வெயிலில் பிரம்பு மோடாவில் உட்கார்ந்து பார்ப்பது இந்திராணியின் வழக்கம். குருவிகள் வரும், மைனாக்கள் வந்து அவற்றை விரட்டும், தவிட்டுக்குருவிகள் ஏழும் ஒரே நேரத்தில் சண்டை போடும். அன்று பேப்பர் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக் கல்யாணராமன், புது அணில் ஒவ்வொரு கவளத்துக்கும் முன்னால் புறங்கையால் மீசையைத் துடைப்பதைப் பார்த்து, “எங்கப்பா மாதிரியே பண்றதே” என்று சிரித்தார். அரைமணி நேரத்தில் அவருக்குத் தந்தி வந்தது. டாக்டர் கைவிட்டுவிட்ட அப்பா, மகன் போய்ச் சேரும்வரை இருந்தார், பேசினார், ரசம் கேட்டார். பிறகு இந்திராணி காய்ச்சலில் படுத்து, மூன்று நாள் தட்டு காலியாகக் கிடந்தது. மூன்றாம் நாள் அந்த அப்பா போனார். திரும்பி வந்த கல்யாணராமன் தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

இரண்டு வருஷத்துக்குள் மோதி பாக், கரோல் பாக் தமிழர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்புப் பொட்டலத்தோடு பஸ் ஏறி வந்து, சுவரோரம் நின்று, நொண்டுகிற அணிலிலும் காதைச் சொறிகிற அணிலிலும் தங்கள் ஆட்களைத் தேடினார்கள். அடையாளம் தெரிந்தவர்கள் அழுதுவிட்டு டிக்கெட் எடுக்க ஓடினார்கள். இந்திராணி ஒருநாள்கூடத் தட்டைக் காலியாக விடவில்லை. 1972இல் அவளுடைய அக்கா முத்தம்மாவின் புருஷன் இறந்தபோது, தந்தி தாமதமாகி இந்திராணி பதினாறாம் நாள்தான் கோவில்பட்டி போய்ச் சேர்ந்தாள். வாசலிலேயே அக்கா, “எல்லாம் முடிஞ்ச பொறவு என்னத்துக்குட்டி வந்த?” என்று கேட்டாள். தாயில்லாத இந்திராணியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அதற்குப்பின் இருவருக்கும் பேச்சில்லை. வேறு யாருக்கும் அப்படி ஒரு கேள்வி வரக்கூடாது என்றுதான் அவள் கம்பு போட்டாள். 1980 முடிவில், ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்த நல்லசிவத்தின் அம்மா ஏழு மாதமாக அந்தத் தட்டில் தின்றுகொண்டிருந்தாள். அவர் இரண்டு முறை ஊர் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். மூன்றாவது முறை போகவில்லை. ஞாயிறுதோறும் கம்புப் பொட்டலம் மட்டும் கொண்டுவந்தார்.

1981 பிப்ரவரியில், பனி மூடிய ஒரு காலையில், ஒல்லியான அணில் ஒன்று தட்டில் ஏறியது. முதல் மணியைத் தின்னாமல் விளிம்பில் ஒதுக்கி வைத்தது. முத்தம்மா சோற்றில் முதல் உருண்டையை அப்படித்தான் ஒதுக்குவாள். இந்திராணி மோடாவிலிருந்து எழுந்து, கை நிறையக் கம்பை அதன் முன்னால் கொட்டினாள். “நான் வாரவரைக்கும் போட்டுக்கிட்டே இருங்க” என்று கணவரிடம் சொல்லிவிட்டு ரயிலேறினாள்.

கோவில்பட்டி வீட்டில் முத்தம்மா கட்டிலோடு ஒட்டிக் கிடந்தாள். வயிற்றில் கட்டி. வாயில் தண்ணீர்கூட இறங்கி நாலைந்து நாள் ஆகிறது என்றார்கள். தங்கையைப் பார்த்ததும் கையை நீட்டினாள். அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு இந்திராணி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பழைய பேச்சை இருவரும் எடுக்கவில்லை. வலி வந்தபோது முத்தம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். வலி போனதும் ஏப்பம் விட்டாள். ஏப்பத்தில் கம்பு வாசம் அடித்தது.

“எவளோ ஒருத்தி எனக்குத் தெனமும் சோறு போடுதாட்டி” என்றாள். “வேண்டாம்னாலும் கேக்க மாட்டேங்கா. வயிறு ரொம்பிருது. போகவும் முடியல, கெடக்கவும் முடியல.”

“யாருக்கா அது?”

“மொகந் தெரியல. நல்லவதான். ஆனா ஈவு எரக்கம் இல்லாதவ.”

மறுநாள் இந்திராணி, தட்டை எடுத்துவிடும்படி கணவருக்குத் தந்தி கொடுத்தாள். எடுக்க முடியவில்லை என்று பதில் வந்தது. தட்டில் அப்போது வேறு நான்கு மூன்று கோட்டு அணில்கள் தின்றுகொண்டிருந்தன. அவற்றின் பிள்ளைகள் சிலர் லீவுக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள், சிலர் பாதி வழியில் இருந்தார்கள். எது முத்தம்மா என்று இராஜமாணிக்கத்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அது இந்திராணிக்கு மட்டும்தான் தெரியும். அக்காவை விடுவிக்க வேண்டுமானால் அக்காவின் பக்கத்தில் இருக்க முடியாது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு கால் பிடித்துவிட்டாள். மூன்றாம் நாள் தலைவாரிப் பின்னிவிட்டு, “போயிட்டு வாரேன்க்கா” என்றாள். எங்கே, ஏன் என்று முத்தம்மா கேட்கவில்லை. “ஜாக்கிரதையாப் போ” என்றாள்.

டெல்லிக்கு வந்த அன்றே துணி உலர்த்தும் கழியை எடுத்துக்கொண்டு இந்திராணி கொய்யாமரத்தடியில் நின்றாள். மற்ற நான்கும் தின்றன. குருவிகள் தின்றன. ஒல்லி அணில் தட்டுக்கு வந்தபோதெல்லாம் கழியைத் தரையில் தட்டி, “ச்சூ, போ” என்றாள். அது சுவரில் ஏறி உட்கார்ந்து அவளைப் பார்த்தது. மறுபடி வந்தது. மறுபடி விரட்டினாள். முதல் நாள் முப்பது நாற்பது முறை வந்திருக்கும். இரண்டாம் நாள் ஏழெட்டு முறை. அன்று அவளும் சாப்பிடவில்லை. இராஜமாணிக்கம் கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்டிக் கிடந்தது. “உள்ள வா இந்திரா, நான் நிக்கேன்” என்றார். அவள் கழியைக் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அது சுவரைவிட்டு இறங்கவே இல்லை. வெயில் ஏறியபோது சுவரில் எதுவும் இல்லை. மதியம் தந்திக்காரன் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டதும், படிக்காமலே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் போனாள்.

மறு ஞாயிறு நல்லசிவம் வந்தார். கையில் கம்புப் பொட்டலம் இல்லை. இராஜமாணிக்கத்தோடு ஆபீஸ் விஷயம் பேசினார், குளிரைப் பற்றிப் பேசினார். புறப்படும்போது கொல்லை வாசலில் நின்று, தட்டைப் பார்க்காமல், “மதினி, எங்கம்மாவையும் கொஞ்சம் வெரட்டிவிட்டுருங்க” என்றார். “எனக்குக் கை வரல.”

“எதுன்னு காட்டுங்க, போதும்” என்றாள் இந்திராணி.

அவர் காட்டினார். அவள் மூன்று நாள் கழியோடு நின்றாள். அவர் லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்தில் நின்றார். அதன்பிறகு அந்த வீட்டுக்குக் கம்பு போட, விரட்ட என்று இரண்டு வேலைக்கும் ஆட்கள் வந்தார்கள், வந்தவர்கள் எதற்கென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. நல்லசிவத்தின் அம்மா போன மறுநாள் காலை, தட்டில் புதிதாக ஒரு மூன்று கோட்டு அணில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது. யாருடையது என்று தெரியவில்லை. இந்திராணி இன்னும் கொஞ்சம் நொய்யைப் போட்டுவிட்டு, பாலைக் காய்ச்ச உள்ளே போனாள்.