வண்டு பறக்கும் முன்

பட்டைக்கடியில் கத்தியை விட்டு நெம்பினேன். கையகலத் துண்டு ஒன்று பெயர்ந்து வந்தது. வெள்ளைப் புழு இருக்கும் என்று நினைத்துத்தான் குனிந்தேன். புழு இல்லை, வண்டு. அரிசியளவு வண்டுகள், பழுப்பேறி, காலும் முளைத்து, வெளிச்சம் பட்டதும் நெளிந்தன.

"அடப்பாவி!" என்று நான் போட்ட சத்தத்தில், கீழே டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

திட்டு என் தம்பிக்கு. கட்டைகள் அவன் போட்டவை. அப்பா விட்டுப்போன மலைச்சரிவில் பாதி அவனுக்கு, பாதி எனக்கு. பட்டை வண்டு வருகிற வருஷத்தில் சில ஊசியிலை மரங்களை வெட்டி எல்லையோரம் போட்டுவைப்பது எங்கள் வழக்கம். புது மரத்தின் வாசனைக்கு வண்டுகள் அங்கே வந்து, பட்டைக்குள் முட்டையிடும். குஞ்சுகளுக்கு இறக்கை வருவதற்குள் கட்டைகளை அப்புறப்படுத்திவிட வேண்டும். விட்டால் பொறியே பண்ணையாகிவிடும். புழுவாக இருந்தால் பட்டையை உரித்தாலே செத்துப்போகும். பழுப்பேறிவிட்டால் உரித்தும் புண்ணியமில்லை. காலைக் குளிரில் சும்மா இருக்கும், வெயில் பட்டதும் பறக்கும். பறந்தால் நேரே தம்பியின் காட்டுக்குத்தான். அங்கே அது தின்னாத மரம் ஒன்றுகூடக் கிடையாது.

என் பக்கமும் வரும், வராமல் என்ன? ஆனால் நான் ஊசியிலைக்கு நடுவே அகன்ற இலை மரங்களைக் கலந்து நட்டிருக்கிறேன். வண்டு ஒரு ஊசியிலையை விட்டு அடுத்ததைத் தேடி அலைய வேண்டும். சில மரம் போகும், பல மரம் நிற்கும். தம்பியுடையது பட்டாளம் மாதிரி ஒரே மரம், ஒரே வரிசை. நல்ல மழை பெய்த வருஷங்களில் அவன் மரங்கள்தான் மளமளவென்று வளர்ந்தன, அதை நான் மறுக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு அவன் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! காட்டுக்காரர்கள் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால், "எங்கக்காவோடது கலப்புக் காடு இல்லைங்க, கலப்படக் காடு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு அவனுடன் பேச்சை நிறுத்தினேன்.

இன்று நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலே போதும், எது கலப்படம் என்று ஊரே பார்த்துக்கொள்ளும். அந்த நினைப்பு எனக்கு இனிக்கத்தான் செய்தது. அடுத்த நிமிஷமே கை போனைத் தேடியது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

போன் போட்டேன். என் நம்பரைப் பார்த்து அவன் எடுக்கவில்லை. அவன் மனைவிக்குப் போட்டேன்.

"அண்ணி, நீங்களா?" என்று அவள் பதறினாள்.

"உன் புருஷனை எல்லைக்கு ஓடி வரச் சொல்லும்மா. வீம்பை வீட்டுல வெச்சுட்டு வரச் சொல்லு."

ரம்ப மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வரும்போதே ஆரம்பித்தான்.

"அஞ்சு வாரம்தானே ஆச்சு? அப்பா கணக்குக்கு எட்டு வாரம். லாரிக்கும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

"அப்பா காலத்து வெயிலாடா இது?" பட்டைத் துண்டை அவன் மூக்குக்குக் கீழே நீட்டினேன். "சூட்டுல எல்லாம் சீக்கிரம் பழுத்துடுச்சு. கண்ணைத் திறந்து பாரு."

பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. உடனே லாரிக்காரருக்குப் போன் போட்டான். நாளைக்குத்தான் வர முடியும் என்றார் அவர். தம்பி சரிவின் உச்சியை அண்ணாந்து பார்த்தான். வெயில் மேல்வரிசை மரங்களைத் தொட்டு, மெல்ல எங்களை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கட்டைகள் இன்னும் நிழலில்தான் கிடந்தன.

"நம்ம டிராக்டர்ல ஏத்திடலாம். மரப்பட்டறைக் குளத்துல அமுக்கிட்டா எல்லாம் செத்துடும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"டிராக்டர் மேல வந்துடும் மாமா. டிரெய்லரோட திரும்ப இடம் எங்க இருக்கு?" என்றான் தம்பி.

இடம் இல்லைதான். ஒரு பக்கம் அவனுடைய முதல் வரிசை. மறுபக்கம் என்னுடைய அகன்ற இலை மரங்கள் இரண்டு. யாரோ ஒருவர் வெட்டித்தான் ஆக வேண்டும்.  தம்பி தன் வரிசையைப் பார்த்து நடந்தான். மெஷினை உறுமவிட்டான்.

"நிறுத்துடா!" பாய்ந்து போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "இப்பப் போயி ஊசியிலைய வெட்டுவியா? பச்சை வாசனைக்கு இருக்கிற வண்டெல்லாம் உன் வரிசையிலதான் வந்து உக்காரும். என் மரத்தை வெட்டு. அதை இந்த வண்டு சீண்டாது."

"அக்கா, அது..." என்று இழுத்தான். அந்த இரண்டையும் நான் குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தது அவனுக்குத் தெரியும். அப்போதும் கேலிதான் பேசினான்.

"வெட்டுறியா, நான் வெட்டட்டுமா?"

 மெஷினைப் பிடுங்கி நானே வெட்டினேன். முதல் மரம் விழும்போது எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. இரண்டாவதை வெட்டும்போது கோபம்தான் வந்தது. அவன்மேல், வெயில்மேல், எட்டு வாரம் என்று சொல்லிவிட்டுப் போன அப்பாமேல்கூட.

டிராக்டர் ஏறித் திரும்பியது. சங்கிலி மாட்டி ஒவ்வொரு கட்டையாக இழுத்து ஏற்றினோம். வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசிக் கட்டைக்கு முந்தையது என்னுடையது. காற்றில் சாய்ந்த என் ஊசியிலை மரம் ஒன்றை, என்னைக் கேட்காமலே என் வீட்டுக்காரர் தன் மச்சானுக்குப் பொறி வைக்கக் கொடுத்திருந்தார். அது அவன் கட்டைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. இரண்டும் ஒரே வருஷம் நட்டவை. வெட்டுமுகங்கள் இரண்டும் எங்களைப் பார்த்தபடி நின்றன.

கடைசிக் கட்டைக்குச் சங்கிலியை இழுக்கப்போன தம்பி அப்படியே நின்றுவிட்டான். அவன் மரத்தில் உள்வளையங்கள் விரல் தடிமன். மழை பொய்த்த வருஷங்கள் வந்ததும் நூலாகி, பட்டையை ஒட்டிக் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தன. என் மரத்தில் தடித்த வளையம் எதுவும் இல்லை, ஆனால் பட்டைவரை ஒரே சீராக வந்திருந்தது. என் காட்டில் பக்கத்தில் நின்ற அகன்ற இலை மரத்தின் வேர் ஆழத்தில் குடித்தது, இது மேலாகக் குடித்தது. போட்டி குறைவு, அவ்வளவுதான். அவன் இரண்டையும் விரலால் தடவினான்.

"வேடிக்கை பார்க்க நேரமில்லை, இழுடா" என்றேன்.

கடைசிக் கட்டையைப் புரட்டினோம். அதன் மேல்பக்கத்தில் மட்டும் எங்கிருந்தோ ஒரு கீற்று வெயில் விழுந்திருந்தது. பட்டையில் குண்டூசித் துளைகள். கத்தியால் நெம்பினேன். காலி.

"போயிடுச்சா?" என்றான்.

"இந்தக் கட்டையில இருந்தது போயிடுச்சு. மத்ததைப் பிடிச்சுட்டோம்."

"என் காடு என்னக்கா ஆகும்?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். வாய் வரவில்லை. "கொஞ்சம் போகும். எவ்வளவுன்னு தெரியாது. தினமும் வந்து பார்க்கணும், சிவக்கிற மரத்தை அன்னிக்கே எடுக்கணும். நானும் வர்றேன்."

தார்ப்பாயைக் கட்டியதும் என் வீட்டுக்காரர் டிராக்டரை இறக்கினார். சத்தம் அடங்கியது. நாங்கள் நின்ற இடம்வரை வெயில் வந்துவிட்டது. தம்பி நான் வெட்டிய மரத்தின் அடியில் குந்தினான். அங்கே விதை விழுந்து தானாக முளைத்த கன்றுகள், டிரெய்லர் சக்கரத்துக்குத் தப்பியவை, நின்றன. ஒன்றைச் சுற்றி மண்ணை விரலால் கிளறினான்.

"டேய், என்னடா பண்ற? இந்த வெயில்ல பிடுங்கினா செத்துடும்."

கையை எடுத்துக்கொண்டான். நிமிரவில்லை.

"மழை வந்ததும் குடுப்பியா?"

"எதுக்கு? கலப்படத்துக்கா?"

"ஆமாக்கா" என்றான்.  "மரம் போற இடத்துல எல்லாம் நடணும்."

அவன் சட்டைக் காலரில் பழுப்பாக ஒன்று ஊர்ந்தது. நான் அதைப் பிடித்து நகத்தால் நசுக்கினேன்.