தேவைப்பட்டால் ஒன்று

தையல்காரிக்குக் காலையில் விரல் மடங்கவே ஒரு மணி நேரமாகும். அதனால்தான், டாக்டரிடம் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதித் தரும்படி புருஷனிடம் கேட்டுத் தொலைத்தாள். புத்தி கெட்ட வேலைதான். ஆனால் வீட்டில் பேனா பிடிக்க வேறு ஆள் இல்லை.

புருஷன் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். இருபது வருஷமாக எடுத்துக் கொடுத்ததில் தானும் முக்கால் டாக்டர் என்று நினைப்பு.

“ரெண்டு கையிலயும் விரல் மூட்டெல்லாம் வீங்குது. நாலு வருஷமா. எழுதுங்க.”

எழுதினார்.

“காலைல ஊசியில நூல் கோக்க முடியல. மத்தியானத்துக்கு மேலதான் மெஷின்ல உக்கார முடியுது.”

“டாக்டர் என்ன உங்கிட்ட சட்டை தைக்கவா வர்றாரு? வலின்னா வலின்னு சொல்லிட்டுப் போ.” முனகிக்கொண்டே அதையும் எழுதினார்.

“வலி மாத்திரை, தினமும் மூணு.”

பேனா நின்றது. பிறகு ஓடியது. அவள் எட்டிப் பார்த்தாள். ‘தேவைப்பட்டால் ஒன்று.’ கடையில் மருந்து உறைமேல் நாள் முழுக்க எழுதுகிற வார்த்தை, பழக்கதோஷத்தில் கை போய்விட்டது என்று நம்ப அவளுக்கும் ஆசைதான். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது.

“மூணுன்னு எழுதுங்க.”

“சீட்டில்லாம கடையிலேருந்து யாரு எடுத்துக் குடுத்தான்னு டாக்டர் கேப்பாரு. முதலாளி காதுக்குப் போகும். என் வேலைக்கு உலை வைக்கப் பாக்கறியா?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, “சிறுநீரகம் சரியில்லையே, வலி மாத்திரை போடறீங்களா?” என்று டாக்டர் கேட்டது அவளைத்தான். “இல்லவே இல்ல டாக்டர்” என்று முந்திக்கொண்டது இவர். அவளும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வெட்கம் மூட்டுவலியைவிட அதிகமாகப் பிடுங்கித் தின்றது.

“இந்தத் தடவ நீங்க வர வேணாம். நானே பேசிக்கறேன்.”

“ஓகோ! அப்ப சட்டைப் பொத்தானையும் நீயே போட்டுக்கோ.”

ஒரு வருஷமாகக் காலையில் அவளுக்குப் பொத்தான் போட்டுவிடுவது அவர்தான். அவள் தைத்த பொத்தான்களைப் பூட்டிக்கொண்டுதான் தெருவில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறார்கள். தன்னுடையதில் ஒன்றைக் காஜாவுக்குள் தள்ள அவளால் முடியாது. மனுஷன் அடிமடியிலேயே கை வைத்துவிட்டார்.

கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “அந்த வரி அப்படியே இருக்கட்டும். வா, போட்டுவிடறேன்.”

அவள் முயன்று பார்த்தாள். முதல் பொத்தான் மூன்று தரம் நழுவியது. அவர் அதை வேடிக்கை பார்த்தார். டாக்டர் கொடுத்திருந்த நேரத்துக்கு இன்னும் அரைமணிதான் இருந்தது.

கொடியில் கிடந்த சால்வையை இழுத்து, திறந்த சட்டைமேல் போர்த்தி, முழங்கையால் இடுக்கிக்கொண்டாள். தாளைத் தொடவில்லை.

“இப்படியேவா தெருவுல நடக்கப்போற? மானம் போயிடும்டி!”

“போகட்டும். ஏம்மா பொத்தான் போடலன்னு டாக்டர் கேப்பாருல்ல, அங்கேருந்தே ஆரம்பிக்கறேன்.”